பஞ்சலிங்கத்தார் இரண்டாம் படிக்கு இறங்கிய விதம்

பெற்றோலில் ஓடவேண்டிய, தண்ணீர் இறைக்கும் மிசினை மண்ணெண்ணெயில் ஓட்டுவது எப்படி என்பது, பொருளாதாரத் தடை இருந்த அந்த வருடங்களில், குடாநாட்டில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. ஊசிமருந்து ஏற்றும் குழாயில் சில துளி பெற்றோல் எடுக்கவேண்டும். அதைக் காபரேற்றருக்குள் சொட்டவிட்டுக் கயிற்றைச் சுற்றி இழுக்கவேண்டும். மிசின் இருமும், தும்மும், பிறகு பிடித்துக்கொள்ளும். பிடித்த கையோடு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிட்டால், சூடேறிய மிசின் எதைக் குடிக்கிறோம் என்று யோசியாமல் குடித்துக்கொண்டு ஓடும். வித்தையில் ஒரேயொரு குறை. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை இளக்கிவிடும். இளகின ஒயில் பிஸ்டனைக் காப்பாற்றாது, வளையங்கள் தேயும். ஒரு நாள் மிசின் புகையை மட்டும் தரும், தண்ணீரைத் தராது.

நீர்வேலியில் பஞ்சலிங்கத்தின் மிசினுக்கு அந்த நாள் பங்குனி மாதத்தில் வந்தது.

புது வளையம் வவுனியாவுக்கு இங்கால் வராது. ஆகவே அவர் தகப்பன் காலத்துத் துலாவைத் திரும்பக் கட்டினார். துலா என்பது கிணற்றடியில் இரண்டு கால்களுக்கு நடுவே ஆடும் நீண்ட மரம். ஒருவர் அதன்மேல் ஏறி முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பார். அவருடைய பாரத்தில் மரம் சாய்ந்து வாளி கிணற்றுக்குள் இறங்கும், பின்னேறும்போது வாளி மேலே வரும். இன்னொருவர் வாளியை வாங்கிக் கவிழ்ப்பார். மூன்றாமவர் மண்வெட்டியோடு தோட்டத்துக்குள் நின்று ஒரு பாத்தி நிறைந்ததும் வாயைக் கட்டி அடுத்ததைத் திறந்துவிடுவார், அதற்குத் தண்ணீர் மாறுவது என்று பெயர். பஞ்சலிங்கம் துலா மிதித்தார். அவருடைய மனைவி நல்லம்மா தண்ணீர் மாறினாள். வாளி கவிழ்த்தது மார்க்கண்டு.

மார்க்கண்டு பக்கத்துத் தோட்டக்காரன். கிணறு அவர்கள் இருவருக்கும் பங்கு. ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவன் முறை. இது சும்மா ஒரு ஒப்பந்தம் இல்லை. கோடையில் அந்தக் கிணறு ஒரு நாளைக்கு ஒரு தோட்டத்துக்குத்தான் தண்ணீர் தரும். இரவு முழுக்க ஊறி விடிய நிரம்பும். பேராசைப்பட்டு இரண்டு பேரும் ஒரே நாளில் இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும், அதோடு இரண்டு தோட்டமும் முடிந்தது. எனவே முறை என்பது கிணற்றின் குணத்தைப் பார்த்து மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. அதைக் காணி உறுதியிலும் எழுதியிருந்தார்கள், மனதிலும் எழுதியிருந்தார்கள்.

துலா மிதித்தே கதலி வாழை முழுவதையும் பச்சையாக வைத்திருந்தார் பஞ்சலிங்கம். ஆனால் வைகாசி பிறந்து தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பிவிட்டால் துலாத் தண்ணீர் காணாது. குலை தள்ளின மரம் தண்ணீர் குறைந்தால் காற்றுக்கு நடுவில் முறியும். அதற்குள் ஒரு மிசின் வேண்டும்.

மூன்று மிசின்கள் மருதனார்மடத்தில் இருந்தன. சந்தைக்குக் குலை கொண்டுபோன ஒரு காலை, கனடாவுக்குப் போய்விட்ட யாரோ ஒருவரின் மாடி வீட்டுக் கேற் திறந்து வெள்ளை வாகனம் வெளியே வந்தபோது, கராஜுக்குள் படங்கு மூடினபடி அவை நிற்பதைக் கண்டார். காற்று படங்கின் ஒரு மூலையைத் தூக்கியது. புதுப் பெயின்ற். சைக்கிளைச் சந்தைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார்.

வாசலில் 'சமூக இலாப முதலீட்டு நிதியம்' என்று பலகை தொங்கியது. உள்ளே மேசைக்குப் பின்னால் இணைப்பாளர் ஜெபரட்ணம் இருந்தார். முன்பு கல்லூரியொன்றில் வர்த்தகம் படிப்பித்தவர். இப்போது மனிதரைப் படிக்கிறார் என்று தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்வார். பஞ்சலிங்கம் வாழையையும் மிசினையும் சோளகத்தையும்பற்றிச் சொல்லி முடிக்கும்வரை அவர் கண்களை மூடிக் கேட்டார்.

"பஞ்சலிங்கத்தார், தருமம் எண்டது ஒரு வியாதி," என்றார் பிறகு. "குடுக்கிறவனையும் பிடிக்கும், வாங்கிறவனையும் பிடிக்கும். அதாலை நாங்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கிறேல்லை. அதிலை நாங்கள் சரியான கவனம். நாங்கள் மனிசரிலை முதலிடுறம்."

"அப்ப மிசின்?"

"மிசின் வெறும் கருவி. முதலீடு நீங்கள்."

பஞ்சலிங்கத்துக்கு விளங்கவில்லை. வாசகருக்கும் விளங்காமல் இருக்கலாம், ஆகையால் நிதியம் இயங்கும் விதத்தைச் சொல்லிவிடுவது நல்லது. தூர தேசத்தில் இரக்கமுள்ள பணக்காரர் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் காசை வங்கியில் போட்டால் முழு வட்டி கிடைக்கும். நிதியத்தில் போட்டால் வட்டி குறைவு. குறைந்த வட்டிக்கு ஈடாக நிதியம் அவர்களுக்கு மாற்றம் தரும். மாற்றத்தைப் பொதி கட்டி அனுப்ப முடியாது, அளந்துதான் அனுப்பலாம். அளப்பதற்காகத் துணியில் கீறிய ஏணி ஒன்று நிதியத்திடம் இருந்தது. ஏழு படிகள். ஒரு குடும்பம் எந்தப் படியில் நிற்கிறதென்று முதலில் குறிப்பார்கள். அதற்கு அடிநிலை என்று பெயர். முதலிட்ட பிறகு மறுபடி குறிப்பார்கள். இடையில் ஏறின படிகள்தான் இலாபம். எந்த நிதியம் குறைந்த செலவில் கூடிய படி ஏற்றுகிறதோ அதற்கு மறுவருடம் கூடிய காசு வரும். இதில் எங்கேயும் வாழை வராது. அதுதான் இந்த முறையின் சுத்தம்.

அடிநிலை குறிக்கக் கள அலுவலர் அருந்ததி வருவதாக அறிவித்தார்கள். சைக்கிளில் வரக்கூடிய தூரத்துக்கு, ஊரில் அடுப்பு மூட்டவும் எண்ணெய் இல்லாத நாளில், டீசல் வாகனம் வந்தது. சாரதி, அருந்ததி, துணி ஏணியைச் சுமக்க ஒருவர்.

இங்கேதான் நல்லம்மா ஒரு காரியம் செய்தாள். அந்த வலிகாமப் பகுதியில் எந்தப் பெண்ணும் வேறு எதையும் செய்திருக்கமாட்டாள். மார்க்கண்டுவின் வீட்டிலிருந்து மெத்தை போட்ட நாலு கதிரையையும் கண்ணாடி பதித்த சின்ன மேசையையும் பூப்போட்ட கோப்பைகளையும் இரவல் வாங்கி வந்தாள். முற்றத்தைக் கூட்டினாள். கோயிலுக்கு உடுக்கும் சேலையை உடுத்தாள். பழுத்த குலையில் நல்ல சீப்பை வெட்டித் தட்டில் வைத்தாள். உதவி கேட்டுப் போனவர்கள் இப்படி வைக்கலாமோ என்று பஞ்சலிங்கம் மெல்ல இழுத்தார்.

"வந்த சனத்துக்கு முன்னாலை எங்கடை இல்லாமையை விரிச்சுக் காட்டுறதோ?" என்று கேட்டாள் நல்லம்மா. அவர் போய்க் கதிரைகளை வரிசையாக வைத்தார்.

அருந்ததி மெத்தைக் கதிரையில் இருந்து, பழம் சாப்பிட்டு, ஏணியைச் சுவரில் தொங்கவிட்டாள். இந்தக் கதிரைகள் உங்களுடையவோ என்று கேட்டாள். பஞ்சலிங்கம் வாயைத் திறக்குமுன் நல்லம்மா சொன்னாள்: "எங்கடைதான், வேறை ஆற்றை?" ஒரு நாளைக்கு எத்தனை நேரம் சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விக்கு அவள், இதென்ன கேள்வி பிள்ளை, மூன்று நேரமும்தான் என்றாள். இரவுச் சாப்பாடு என்பது மத்தியானச் சோற்றின் பழஞ்சோறு என்பதையும், சில நாட்களில் அதுவும் வாழைக்காய் அவியல் என்பதையும் விருந்தாளிக்குச் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அருந்ததி தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் பச்சை. ஐந்தாம் படியில் ஒரு ஊசியைக் குத்திப் பாராட்டிவிட்டுப் போனாள்.

கதிரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போன நல்லம்மா, தாங்கள் ஐந்தாம் படி என்று மார்க்கண்டுவின் மனைவிக்குச் சொல்லிவிட்டு வந்தாள். கதிரைக்குச் சொந்தக்காரர்கள் எந்தப் படி என்று அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

மருதனார்மடத்தில் ஜெபரட்ணம் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்.

"அஞ்சாம் படியிலை நிக்கிற மனிசனை நான் எங்கை கொண்டுபோய் ஏத்துறது? ஏணி ஏழோடை முடியுது. ரண்டாம் படியிலை நிக்கிறவரைத்தான் நாங்கள் எடுக்கிறது."

கதிரைகள் தங்களுடையவை அல்ல என்று பஞ்சலிங்கம் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். ஜெபரட்ணம் அதைக் கையால் ஒதுக்கினார். கதிரை பெரிய விசயமில்லையாம். வாழை பச்சையாக நிற்பதுதான் பெரிய விசயமாம். மிசின் இல்லாமலே பச்சையாக நிற்கிறதென்றால், மிசின் வந்து எதை மாற்றியது என்று காசு போட்டவர்கள் கேட்பார்களாம்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை, பஞ்சலிங்கத்தார். வைகாசி நடுவிலை திரும்ப ஒருக்கா வந்து பாப்பம். அதுக்கிடையிலை நீங்கள் உங்கடை உண்மையான நிலைமைக்கு வந்திடுங்கோ."

"உண்மையான நிலைமை எண்டால், ஐயா?"

"இறைக்காமல் விட்டால் என்ன நிலைமையோ, அது."

ஜெபரட்ணம் எழுந்து வந்து பஞ்சலிங்கத்தின் தோளில் கை வைத்தார். "முன்னேறிறதெண்டால் முதல் பின்தங்கி நிக்க வேணும். சும்மா நிண்ட இடத்திலை நிண்டு முன்னேறேலாது. இதை விளங்கிக்கொள்ளாததாலைதான் எங்கடை சனம் இவ்வளவு காலமும் கஷ்டப்பட்டுக்கொண்டு கஷ்டப்படாத மாதிரி இருக்குது."

வரும் வழியெல்லாம் பஞ்சலிங்கம் கணக்குப் போட்டார். வாழைக்கிழங்குக்குள் ஈரம் இருக்கும். சில முறைகள் விட்டால் இலை தொங்கும், மரம் சாகாது. மதிப்பிட்டுவிட்டுப் போனதும் மிசின் வரும். மிசின் வந்தால் துலாவில் ஒரு நாள் எடுக்கும் வேலை காலைச் சாப்பாட்டுக்கு முன் முடியும். ஆகவே விட்டதைப் பிடித்துவிடலாம். கணக்கில் பிழை இருந்தது. மிசின் எவ்வளவு கெதியாக இறைத்தாலும் கிணறு தன்னுடைய வேகத்தில்தான் ஊறும். இது அவருக்குப் பிறந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் படங்கு மூலை தூக்கிய கராஜைப் பார்த்த நாளிலிருந்து அவர் கிணற்றைப்பற்றி யோசிப்பதை விட்டுவிட்டார்.

நல்லம்மா விசரோ என்று கேட்டாள். கேட்டுவிட்டு இரண்டு நாள் கதைக்கவில்லை.

அவர் மார்க்கண்டுவிடம் போய்த் தன் முறையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மார்க்கண்டு வாளியைக் கீழே வைத்தான்.

"அண்ணை, யோசிச்சுத்தான் சொல்லுறியளோ? முறை வந்தால் நான் வெங்காயம் நட்டிடுவன்."

"நடு."

"நட்டால் கிண்டும் வரைக்கும் தண்ணி என்ரை."

"தெரியும். அதுக்குள்ளை மிசின் வந்திடும்."

மார்க்கண்டு கேட்டதில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் தன் முறையை மற்றவனுக்குக் கொடுக்கலாம், விற்காமலே கொடுக்கலாம், வாயாலேயே கொடுக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீரை நம்பி மற்றவன் பயிர் வைத்துவிட்டால், பயிர் எடுக்கும்வரை முறையைத் திருப்பிக் கேட்கக்கூடாது. நிற்கும் பயிரின் வாயிலிருந்து தண்ணீரைப் பறித்தவன் என்று பேர் எடுத்தவனுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கலியாணத்துக்கும் சொல்லமாட்டார்கள். மார்க்கண்டு தரிசாகக் கிடந்த துண்டிலும் சேர்த்துச் சின்ன வெங்காயம் நட்டான்.

சோளகம் எழும்பியது. மதிப்பீட்டுக்கு வந்த அருந்ததி தோட்ட வாசலில் நின்றபடியே சந்தோசப்பட்டாள். வாழையிலைகள் உடைந்த குடை மாதிரித் தொங்கின. குலையோடு பல மரங்கள் நடுவில் முறிந்து கிடந்தன.

"இப்ப நல்லா வந்திருக்கு, ஐயா," என்றாள். "போனமுறை வந்ததுக்கும் இப்பவுக்கும் எவ்வளவு வித்தியாசம்."

அவள் கெட்ட பிள்ளை இல்லை. எந்த வித்தியாசத்தையும் முன்னேற்றமாக எண்ணிப் பழக்கப்பட்டுவிட்டாள். கூட வந்தவர் முறிந்த மரத்தின் பக்கத்தில் பஞ்சலிங்கத்தை நிறுத்திப் படம் எடுத்தார். கமராவைப் பார்க்கவேண்டாம், தூரத்தைப் பாருங்கள் என்றார். தூரத்தில் மார்க்கண்டுவின் வெங்காயம் தெரிந்தது. பஞ்சலிங்கம் அதைப் பார்த்தார். படம் மிகவும் நன்றாக வந்ததாகப் பின்னர் சொன்னார்கள். நல்லம்மாவைக் கிழிந்த சேலையில் நிற்கச் சொன்னபோது, கிழிந்தது இருக்கிறது, ஆனால் அதை உங்களுக்கு முன்னால் உடுப்பதற்கு நான் இன்னும் சாகவில்லை என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். ஊசி இரண்டாம் படியில் குத்தப்பட்டது, இனி அதுவே அடிநிலை என்று எழுதப்பட்டது.

அதோடு மிசின் வந்திருக்கவேண்டும். ஆனால் இரண்டாம் படிக்கு வந்தவர்களுக்கு முதலில் 'முயற்சியாளர் பயிற்சி' உண்டு. ஒரு தேவாலய மண்டபத்தில் வைத்தார்கள். பஞ்சலிங்கத்துக்குப் பக்கத்தில் யோசப்பின் என்ற தையற்காரி இருந்தாள். மூன்றாம் படியில் நின்றவளாம். தையல் மெசினை விற்றுவிட்டு இரண்டாம் படிக்கு வந்திருந்தாள்.

"என்னத்துக்கு விண்ணப்பிச்சனீங்கள் தங்கச்சி?" என்று கேட்டார் பஞ்சலிங்கம்.

"தையல் மெசினுக்கு," என்றாள் யோசப்பின்.

பின்வரிசையில் பிலிப்பு என்ற கடல் தொழிலாளி இருந்தார். கடலுக்குப் போகத் தடை. வள்ளம் கரையில் காய்ந்தது. அவருடைய ஊசி ஒன்றாம் படியில் நின்றது, யாரும் இறக்காமலே. நிதியம் அவரை எடுக்கவில்லை. மத்தியானச் சோற்றுப் பொதிக்காக வந்திருக்கிறேன் என்று ஒளிக்காமல் சொன்னார். ஏன் தன்னை எடுக்கவில்லை என்று அவர் எழும்பிக் கேட்டபோது, ஜெபரட்ணத்துக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. சோக்கை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனார்.

"பிலிப்பு, நீங்கள் உண்மையான ஏழை. உண்மையான ஏழையிலை முதலிட்டால் நட்டம். அவன் ஏறமாட்டான். ஏறத் தெரிஞ்சிருந்தால் அவன் அங்கை நிப்பானோ? ஏறத் தெரிஞ்ச மனிசனைக் கொஞ்சம் கீழை இறக்கிப்போட்டு ஏத்தினால்தான் ஏறுவான். இது இரக்கமில்லாத கதை மாதிரி இருக்கும். ஆனால் காசு போட்டவைக்கு நாங்கள் பொறுப்புச் சொல்ல வேணும்."

"எனக்கு ஆர் பொறுப்புச் சொல்லுறது?" என்று கேட்டார் பிலிப்பு.

"நீங்கள் காசு போடேல்லையே," என்றார் ஜெபரட்ணம், உண்மையான வியப்போடு.

அடுத்த பாடம் 'அபாயம்'. அபாயத்துக்கு ஓர் உதாரணம் சொல்லும்படி கேட்டுவிட்டு அவர் திரும்பிய நேரத்தில் பொம்பர் ஒன்று தாழப் பறந்தது. எல்லோரும் வெளியே ஓடிப் பதுங்கு குழிக்குள் இறங்கினார்கள். ஜெபரட்ணம் முதல் ஆளாக இறங்கினார். எங்கோ இரண்டு குண்டுகள் விழுந்தன. மண் உதிர்ந்தது. சத்தம் அடங்கியதும் திரும்பி வந்து, உடுப்பைத் தட்டிக்கொண்டு, விட்ட இடத்தில் தொடர்ந்தார். யாராவது ஓர் உதாரணம்?

"இப்ப போனது," என்றார் பிலிப்பு.

அது திட்டத்துக்கு வெளியே உள்ள அபாயம் என்றும், தாங்கள் கதைப்பது திட்டத்துக்கு உள்ளே உள்ள அபாயத்தைப்பற்றி என்றும் ஜெபரட்ணம் பொறுமையாகத் திருத்தினார்.

பயிற்சி முடிந்தும் மிசின் வரவில்லை. காசு போட்டவர்களின் பிரதிநிதியான வெள்ளைக்காரப் பெண்மணி வந்துதான் கையளிக்கவேண்டும். அவர் வருவதற்குக் கொழும்பில் அனுமதி வேண்டும். அனுமதி வந்தபோது ஆனி மாதம். பஞ்சலிங்கத்தின் தோட்டத்தில் நின்ற மரங்களை விட விழுந்தவை கூட. தன் முறை வரும் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பிக் கிணற்றடிக்குப் போய், நிரம்பியிருக்கும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தார். அது அவருடைய கிணறு. அவருடைய நாள்கூட. ஆனால் தண்ணீர் மார்க்கண்டுவின் வெங்காயத்துக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது.

கையளிப்பு நாளன்று இரண்டு வாகனங்கள் வந்தன. மிசினைக் கிணற்றடியில் வைத்து நாடா கட்டினார்கள். நிதியம் கலனோடு பெற்றோல் கொண்டுவந்திருந்தது. ஊர்ச் சனத்தில் பாதி அதன் மணத்துக்காகவே கிட்ட வந்து நின்றது. ஜெபரட்ணம் ஒரு சின்ன உரை நிகழ்த்தினார். நாடா வெட்டப்பட்டது. கயிற்றை இழுக்க, மிசின் ஒரே இழுப்பில் பிடித்தது. குழாயின் வாயால் தண்ணீர் பாய்ந்து தொட்டியில் விழுந்தது. தொட்டிக்கு இரண்டு வாய்கள். ஒன்று வாழைக்குப் போகும் வாய்க்கால், மற்றது வெங்காயத்துக்கு. வாழைப் பக்கத்து வாய் மண்ணால் அடைத்திருந்தது.

"பஞ்சலிங்கத்தார், திறந்து விடுங்கோ," என்றார் ஜெபரட்ணம்.

பஞ்சலிங்கம் மண்வெட்டியைக் கையில் எடுத்தார். மார்க்கண்டு கிட்ட வந்தான். அவன் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. காய் பெருக்கிற நேரம். ஒரு முறை விட்டாலும் சூம்பிப் போகும்."

பஞ்சலிங்கம் மண்வெட்டியை ஊன்றி நின்றார். அவன் சொன்னது சரி. அவனுடைய இடத்தில் நின்றிருந்தால் அவரும் இதையே சொல்லியிருப்பார். இவ்வளவு மெதுவாகச் சொல்லியிருக்கமாட்டார். ஒரு வாயைத் திறந்தால் மரங்களில் மிச்சமாவது பிழைக்கும். திறந்தால் அவர் நிற்கும் பயிரின் தண்ணீரைப் பறித்தவர். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒதுங்கினார்.

தண்ணீர் வெங்காயத்துக்குள் ஓடியது. வெள்ளைக்காரப் பெண்மணி அதன் பின்னாலேயே நடந்தார். வெங்காயத்தின் பச்சைத் தாள்கள் காற்றில் அசைந்தன. இது யாருடையது என்று அருந்ததி மூலம் கேட்டார். மார்க்கண்டு தன்னுடையது என்றான். முன்பு என்ன பயிர்? பாதி தரிசு. இப்போது? இப்போது எல்லாம் வெங்காயம். எப்படி? தண்ணீர் இரட்டிப்பாகக் கிடைத்தது. பெண்மணி ஜெபரட்ணத்தைப் பார்த்துப் புன்னகைத்தார்.

அந்தப் புன்னகையை ஜெபரட்ணம் அதே இடத்தில் கணக்கிட்டார். அருந்ததி ஏணியை எடுத்துவந்தாள். கேள்விகள் கேட்கப்பட்டன. தரிசுத் துண்டோடு பங்குனியில் மூன்றாம் படியில் நின்றிருக்கக்கூடிய மார்க்கண்டு, கதிரைகளையும் சேர்த்து, இப்போது ஐந்தாம் படியில் நின்றான். மிசின் கொடுக்குமுன்பே இரண்டு படி. நிதியத்தின் வரலாற்றில் இவ்வளவு மலிவாக யாரும் ஏறினதில்லை. ஜெபரட்ணம் சனத்தின் பக்கம் திரும்பினார்.

"முதலீடு எண்டது தண்ணி மாதிரி. தனக்குரிய இடத்தைத் தானே தேடிப் போகும். நாங்கள் பஞ்சலிங்கத்தாரிலை முதலிட்டம். அது மார்க்கண்டுவிலை முளைச்சிருக்குது. அப்ப, பச்சை எங்கை நிக்குதோ மிசின் அங்கை நிக்கிறதுதான் நியாயம்."

எல்லோரும் கை தட்டினார்கள். என்ன நடந்தது என்று விளங்காதவர்கள் இன்னும் கூடத் தட்டினார்கள்.

மார்க்கண்டுவுக்குக் கூச்சமாக இருந்தது. அண்ணை கேட்டு வந்த மிசின், அவருக்கு வேண்டியபோது கொடுக்கிறேன் என்றான். அதற்கு இடமில்லை என்று அருந்ததி விளக்கினாள். மிசினை இரவல் கொடுத்தால் யார் ஏறினார் என்று அளக்க முடியாதாம். இரவல் கொடுத்ததாகத் தெரிந்தால் மிசினை எடுத்துப் புத்தூரில் இன்னொருவரில் முதலிடுவார்களாம். மார்க்கண்டு பஞ்சலிங்கத்தைப் பார்த்தான். பஞ்சலிங்கம் நிலத்தைப் பார்த்தார்.

மிசின் வந்தபிறகு துலா மிதிக்கவும் வாளி கவிழ்க்கவும் ஆள் தேவையில்லை. தண்ணீர் மாற மட்டும் ஒருவர் வேண்டும், அதுவும் முன்னையை விடக் கெதியாக. மார்க்கண்டு இரண்டு நாள் பொறுத்து, வீட்டுப் படலை வாசலில் நின்று, கேட்கலாமோ கேட்கக்கூடாதோ என்று தெரியாமல் கேட்டான். பஞ்சலிங்கம் ஓம் என்றார். தன் கிணற்றின் தண்ணீரை, தன் முறை நாளில், தனக்கென்று வந்த மிசின் இறைத்துத் தர, அவர் கூலிக்கு நின்று மார்க்கண்டுவின் பாத்திகளுக்கு மாறிவிட்டார். ஒரு பாத்தியும் உடையவில்லை.

ஆடி தொடங்க அருந்ததி கடைசி முறையாக வந்தாள். வெங்காயம் கிண்டி முடிந்திருந்தது. அவள் மார்க்கண்டுவைக் குறித்துவிட்டுப் பஞ்சலிங்கத்திடம் வந்து, கூலி வேலை செய்கிறாரோ என்று கேட்டாள். கேட்டுவிட்டு முகம் மலர்ந்தாள். அதை 'உருவாக்கப்பட்ட வேலைவாய்ப்பு' என்ற தலைப்பில் சேர்க்கலாமாம். அந்தத் தலைப்பின்கீழ் இதுவரை யாருமில்லையாம். ஊசியை எடுத்து இரண்டாம் படியிலிருந்து மூன்றாம் படியில் குத்தினாள்.

"நீங்களும் ஏறியிட்டியள், ஐயா."

பஞ்சலிங்கம் ஐந்தாம் படியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"பிள்ளை, நான் முந்தி அஞ்சிலை நிண்டனான்."

"அது அடிநிலைக்கு முந்தி, ஐயா."

"முந்தியெண்டாலும் நிண்டனான்தானே?"

அருந்ததி பொறுமையானவள். குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "அடிநிலை எண்டது துவக்கம். துவக்கத்துக்கு முந்தி ஒண்டும் நடக்கிறேல்லை. அப்பிடி நடந்ததெண்டு வைச்சால் எல்லாற்றை கணக்கும் குழம்பிப் போகும்."

யோசப்பினுக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். அவளும் ஏறுகிறாளாம். தையல் மெசின் இல்லாமல் தையல் வியாபாரத்தை நடத்துவது எப்படி என்ற பயிற்சிக்குத் தெரிவாகியிருக்கிறாளாம். வாகனம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு புத்தூர்ப் பக்கம் போனது. அங்கே நிறையப் பேர் இன்னும் பச்சையாக நின்றார்கள்.

வாழைத்தோட்டத்துக்குள் நல்லம்மா காலையிலிருந்து குனிந்து நின்றாள். முறிந்த மரங்களை வெட்டி ஒதுக்கி, கிழங்குகளை இரும்பு அலவாங்கால் கிளப்பிக்கொண்டிருந்தாள். காய்ந்த தாய்க்கிழங்கைப் பிளந்தால் சிலவற்றின் அடியில் வெள்ளையாக ஒரு முளை உயிரோடு இருக்கும். அப்படிப்பட்டதை ஈரச் சாக்கில் சுற்றி வைப்பாள், மற்றதை எறிவாள். எறிந்த குவியல் பெரிது. சாக்கில் இருந்தது ஒரு வரிசைக்குக் காணும், அதை நடக் கிடங்குக் குழிகள் இனித்தான் வெட்டவேண்டும். வெங்காயம் எடுத்தாயிற்று, இன்றைக்குக் கிணறு மறுபடி அவர்களுடைய முறை. மார்க்கண்டு விடியவே வந்து வாளி தொங்கும் துலாக் கொடியைச் சரிபார்த்துவிட்டுப் போயிருந்தான்.

பஞ்சலிங்கம் வரம்பில் வந்து நின்றார். நல்லம்மா நிமிரவில்லை. என்ன சொல்லிவிட்டுப் போகிறாள் என்று கேட்டாள்.

"நாங்கள் ஏறியிட்டமாம்."

அவள் ஒரு கிழங்கைப் பிளந்து பார்த்தாள். உள்ளே கறுப்பு. குவியலில் எறிந்தாள். அடுத்ததைப் பிளந்தாள். முளை இருந்தது. அதைச் சாக்கில் வைத்துவிட்டு மண்வெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஏறினது காணும். இறங்கிக் கிடங்கை வெட்டுங்கோ."

அவர் இறங்கினார்.